பிப்ரவரியில் ஒரு புளோக்: சிங்கப்பூர் அடுக்குமாடி வாழ்வும் அண்டைவீட்டு உறவும்



சிங்கப்பூரில் வசிப்போரில் பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். ‘வீவக வீடு’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த வீடுகள் பத்து லட்சத்துக்கும் மேல். அவை 24 நகரங்களாகத் தீவெங்கும் பரவியிருக்கின்றன. அந்த அடுக்குமாடிக் கட்டடங்களின், அதாவது புளோக்குகளின், வாழ்வை ஆண்டின் ஒரே மாதத்தில் பார்த்துவிட வேண்டுமென்றால் அதற்கு ஏற்ற மாதம் பிப்ரவரி. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்தது பிப்ரவரியில். குடியிருப்பவரே வீட்டுக்குச் சொந்தக்காரராகும் திட்டம் தொடங்கியது பிப்ரவரியில். தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் வருவது பிப்ரவரியில் அல்லது அதையொட்டி. நாடு அந்நியப் படையிடம் வீழ்ந்தது பிப்ரவரியில். கொவிட்-19 கிருமி புளோக்கின் வாசலுக்கு வந்து நின்றதும் ஒரு பிப்ரவரியில்தான்.

அடுக்குமாடியில் அண்டைவீட்டு உறவு எப்படி உண்டாகிறது? இதுவே இந்தச் சொற்பொழிவின் பொருள். சுவர் ஒன்றாக இருந்தால் போதுமா? சட்டம் போட்டால் வந்துவிடுமா? காலப்போக்கில் தானாக விளையுமா? சிங்கப்பூரின் அறுபது ஆண்டு அனுபவம் தெளிவான விடை ஒன்றைத் தருகிறது. கட்டடம் மனிதர்களை அருகருகே வைக்கும். விதி அவர்கள் மோதிக்கொள்ளாமல் காக்கும். ஆனால் உறவு என்பது, ஒன்றும் நடக்காத சாதாரண நாட்களில் மனிதர்கள் தாங்களே உண்டாக்கிக்கொள்ளும் பழக்கம். அந்தப் பழக்கம் உள்ள புளோக்கில்தான் நெருக்கடி நாளில் கதவுகள் திறக்கும்.

முதலில், வீடுகள் எழுந்த வரலாறு.

1960 பிப்ரவரி 1. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அன்று பணியைத் தொடங்கியது. அதற்கு முன், 1927இல் அமைக்கப்பட்ட சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடுபட்டுக் கட்டிய வீடுகள் சுமார் 23,000. நகரின் நடுவில் பழைய கடைவீடுகளின் மாடிகளைப் பலகையால் தடுத்து, சன்னல் இல்லாத சிற்றறைகளில் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. நகரின் விளிம்பில், கம்பம் எனப்படும் சிற்றூர்களில், அத்தாப்பு ஓலைக் கூரை வேய்ந்த வீடுகள். புதிய கழகத்தின் முதல் தலைவர் லிம் கிம் சான் என்ற தொழிலதிபர். அவர் சம்பளம் வாங்காமல் அந்தப் பொறுப்பை ஏற்றார். முதல் ஐந்தாண்டில் மட்டும் 50,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன.

அந்த வேகத்துக்கு ஒரு பெருந்தீயும் காரணம். 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் பற்றிய நெருப்பு சுமார் 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. ஓராண்டுக்குள் அவர்களுக்கு மாற்று வீடுகள் கொடுக்கப்பட்டன. குழாய்த் தண்ணீர், மின்விளக்கு, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை என்று கம்பத்தில் கிடைக்காத பலவும் புதிய வீட்டில் கிடைத்தன.

கிடைத்ததைச் சொல்லும்போது இழந்ததையும் சொல்ல வேண்டும். கம்பத்தில் கதவு பகலெல்லாம் திறந்திருந்தது. பிள்ளைகள் யார் வீட்டில் சாப்பிட்டார்கள் என்று தேட வேண்டியதில்லை. யாருக்கு உடம்பு சரியில்லை என்பது கிணற்றடியிலேயே தெரிந்துவிடும். அடுக்குமாடிக்கு வந்ததும் கதவு மூடிக்கொண்டது. மின்தூக்கியில் ஏற அஞ்சிய முதியவர்கள் இருந்தார்கள். வளர்த்த கோழிகளையும் பன்றிகளையும் பிரிய மனமில்லாமல் மாடிக்குக் கொண்டுவர முயன்ற குடும்பங்களும் இருந்தன. அவர்கள் விட்டுவர மறுத்தது கோழியை மட்டுமா? ஒரு வாழ்க்கை முறையையே அல்லவா? அந்த வாழ்வின் எந்தப் பகுதியைப் பத்தாவது மாடிக்குக் கொண்டுவர முடியும் என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

அதற்குக் கிடைத்த முதல் விடையும் ஒரு பிப்ரவரியில் வந்தது. 1964 பிப்ரவரியில், குடியிருப்பவரே வீட்டை வாங்கிக்கொள்ளும் திட்டம் அறிமுகமானது. 1968இல் மத்திய சேமநிதிச் சேமிப்பைக் கொண்டே வீட்டுக்குப் பணம் கட்டலாம் என்ற வழி பிறந்தது. அதன்பின் வாங்குவோர் தொகை பெருகியது. இன்று வீவக வீடுகளில் வசிப்போரில் பத்தில் ஒன்பது பேர் சொந்த வீட்டில் இருப்பவர்கள். ‘அடுத்த ஆண்டு வேறு இடம்’ என்று நினைப்பவர் பக்கத்து வீட்டாரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வது அரிது. முப்பது ஆண்டு இங்கேதான் என்று அறிந்தவர், தாழ்வாரத்து விளக்கு எரியாவிட்டால்கூட நகர மன்றத்துக்குத் தொலைபேசியில் சொல்வார். சொந்தம் என்ற எண்ணம் வீட்டு வாசலோடு நின்றுவிடாமல் படிக்கட்டு வரைக்கும் நீள்கிறது.

இன்றும் பிப்ரவரி என்றால் இளம் தம்பதியர் காத்திருக்கும் செய்தி ஒன்றுண்டு. தேவைக்கேற்பக் கட்டித்தரப்படும் பிடிஓ வீடுகளின் விற்பனை ஆண்டுக்குச் சில முறை நடக்கும். அவற்றில் ஒன்று வழக்கமாக பிப்ரவரியில் வரும். எந்த வட்டாரம், எத்தனை அறை, என்ன விலை, எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பதே அந்த நாட்களின் காப்பிக்கடைப் பேச்சு. வீடு கிடைத்தவர்கள் சாவி வாங்கச் சில ஆண்டுகள் ஆகும். ஆனால் அண்டைவீட்டார் ஆவதற்கு அவர்கள் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. புளோக் எழும்பும் முன்பே டெலிகிராம் குழு தொடங்கிவிடுகிறார்கள். புதுப்பிப்புக் குத்தகையாளர் யார், தரைக்கு எந்த ஓடு என்று பேசத் தொடங்கியவர்கள், குடிவரும் நாளில் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். கிணற்றடிப் பேச்சு கைப்பேசிக்கு இடம் மாறியிருக்கிறது.

அடுத்து, கட்டடம். ஒரு வீவக புளோக்கில் மனிதர்கள் சந்திக்கும் இடங்கள் எவை?

முதலாவது, வீட்டு வாசல்களை இணைக்கும் பொதுத் தாழ்வாரம். செடித்தொட்டி, மிதிவண்டி, செருப்பு அலமாரி எல்லாம் அங்கே வந்து சேரும். அவசரத்தில் படுக்கை வண்டியும் தீயணைப்பாளரும் செல்ல 1.2 மீட்டர் அகல வழி இருக்க வேண்டும் என்பது விதி. செடிக்குத் தண்ணீர் ஊற்றும் நேரத்தில்தான் எத்தனையோ நட்புகள் தொடங்கியிருக்கின்றன.

இரண்டாவது, மின்தூக்கி. பழைய புளோக்குகளில் அது எல்லா மாடியிலும் நின்றதில்லை. சில மாடிகளில் மட்டும் நின்றது. மற்றவர்கள் படியில் ஏறியோ இறங்கியோதான் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. 2001இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டம் அந்தக் குறையைப் பெரும்பாலும் தீர்த்தது. மூட்டுவலியால் வீட்டோடு முடங்கியிருந்த முதியவர்கள் மீண்டும் கீழே இறங்கி வந்தார்கள். பேச்சுத் துணைகளை மீண்டும் பெற்றார்கள்.

மூன்றாவதுதான் மிகப் பெரியது: புளோக்கின் கீழ்த்தளம். தரைத்தளத்தில் வீடுகள் கட்டாமல், தூண்களை மட்டும் நிறுத்தித் திறந்த வெளியாக விடும் முறை 1970களில் பரவலானது. அங்கே கல்மேசையில் சதுரங்கக் கட்டம் பொறித்திருக்கும். காலையில் முதியவர்கள் செய்தித்தாள் படிப்பார்கள். மாலையில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். சனிக்கிழமை மலாய்த் திருமணம். சில நாள் கழித்து அதே தூண்களுக்கிடையே ஒரு சீனக் குடும்பத்தின் இறுதிச்சடங்கு. மணவீட்டு இசையைக் கேட்டவர்களே துக்கவீட்டு மணியோசையையும் கேட்கிறார்கள். அழைப்பிதழ் இல்லாவிட்டாலும் அந்த வழியாகத்தான் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டும். மற்றவர் எப்படி மகிழ்கிறார், எப்படி அழுகிறார் என்பதைக் கற்பிக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது?

மின்தூக்கிக்கு அருகில் அறிவிப்புப் பலகை இருக்கிறது. பிப்ரவரியில் அதைப் படித்தால் புளோக்கின் வாழ்வு புரியும். வட்டாரக் குடியிருப்பாளர் அமைப்பு நடத்தும் புத்தாண்டு விருந்துக்கு நுழைவுச்சீட்டு வாங்க அழைப்பு ஒன்று. மின்தூக்கிப் பராமரிப்பு நாள் பற்றிய அறிக்கை ஒன்று. டெங்கி எச்சரிக்கைப் பதாகை தொங்கினால் அதன் நிறமே செய்தி சொல்லும்: வட்டாரத்தில் பத்துக்குக் குறைவானவர்களுக்கு நோய் என்றால் மஞ்சள், பத்தைத் தொட்டால் சிவப்பு. பிப்ரவரி சிங்கப்பூரில் மழை குறைந்த மாதம். ஆனால் புத்தாண்டுக்கு வாங்கிய பூச்செடிகளின் தட்டிலும் சாடியிலும் தேங்கும் தண்ணீர் கொசுவுக்குப் போதும். ஒரு வீட்டின் சாடியில் பிறந்த கொசு அந்த வீட்டாரை மட்டுமா கடிக்கும்? அடுக்குமாடியில் தன் வீட்டுச் சுத்தம் தனக்கு மட்டும் உரிய காரியம் அன்று.

அதே மாதத்தில் நாடாளுமன்றத்தில் வரவுசெலவுத் திட்டம் வாசிக்கப்படுகிறது. மாதந்தோறும் நகர மன்றத்துக்குச் செலுத்தும் சேவை, பராமரிப்புக் கட்டணத்தில் எவ்வளவு தள்ளுபடி? பேட்டைக் கடைகளிலும் உணவங்காடியிலும் செலவிட அரசு தரும் சிடிசி பற்றுச்சீட்டு எவ்வளவு? கேள்விகள் காப்பிக்கடை மேசைகளில் வலம்வரும். கைப்பேசியில் பற்றுச்சீட்டை எப்படிப் பெறுவது என்று தெரியாத பாட்டிக்கு எதிர்வீட்டு மாணவன் செய்து தருகிறான். நாட்டின் நிதியறிக்கை இப்படித்தான் தாழ்வாரத்து உறவாகவும் மாறுகிறது.

இனி, பண்டிகைகள்.

தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் சந்திரனைப் பார்த்து நகரும் நாட்கள். ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரிக்கும் இடையே வரும். 2026ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். பிப்ரவரி 1 தைப்பூசம். பிப்ரவரி 17 சீனப் புத்தாண்டு. ரமலான் நோன்பும் அதே வாரத்தில் தொடங்குகிறது. மூன்று சமூகங்களின் புனித நாட்கள் ஒரே மாதத்தில், ஒரே புளோக்கில்!

தைப்பூசத்தன்று பக்தர்கள் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் காவடியும் பால்குடமும் எடுத்து, டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை நடக்கிறார்கள். ஆனால் அந்த விழா வீவக வீட்டுச் சமையலறையில் சில வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. விரதம், அதிகாலைக் குளியல், சாம்பிராணி, வீட்டில் காவடி கட்டும் ஆயத்தம். அதிகாலை இருட்டில் மஞ்சள் உடையில் மின்தூக்கிக்குக் காத்திருப்பவரைப் பார்த்து, எதற்கு இந்த விரதம் என்று அன்போடு விசாரிக்கும் சீன அண்டைவீட்டார் உண்டு. பதில் சொல்பவரும் தன் வழிபாட்டை இன்னொரு முறை எண்ணிப் பார்க்கிறார்.

சீனப் புத்தாண்டு நெருங்கினால் வீடு கழுவி, பழையன கழித்து, வாசலில் சிவப்புத் தோரணம் கட்டுகிறார்கள். முந்தைய இரவு குடும்பம் முழுதும் கூடி உண்ணும் விருந்து. மறுநாள் காலை முதல் வாசலில் செருப்புகள் குவியும். மாண்டரின் ஆரஞ்சுப் பழங்களை இரண்டாகத்தான் கொடுப்பார்கள். இரண்டாகத்தான் திருப்பித் தருவார்கள். அந்த இரண்டு பழம் தமிழர் வீட்டுக்கும் மலாய்க்காரர் வீட்டுக்கும் வருகிறது. கூடவே அன்னாசி டார்ட். பிள்ளைகளுக்கு ‘அங் பாவ்’ என்னும் சிவப்பு உறைப் பணம். மலாய்க் குடும்பத்துக்குக் கொடுப்பது ஹலால் பலகாரம்தானா என்று பார்த்து வாங்குகிறார்கள். இந்துக் குடும்பம் வந்தால் மாட்டிறைச்சியைத் தனியே வைக்கிறார்கள். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் போன தட்டு, புத்தாண்டுக்கு ஆரஞ்சோடு திரும்பி வருகிறது. நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சியை முஸ்லிம் அல்லாதவரும் வாங்கிச் செல்கிறார்கள்.

இந்தத் தட்டுப் பரிமாற்றம் சிறிய காரியமா? எந்த வீட்டில் என்ன உண்பார்கள், எதை உண்ண மாட்டார்கள் என்று தெரிந்திருப்பது, அந்த வீட்டை மதிப்பதன் முதல் படி. பக்கத்து வீட்டு மலாய் அம்மையாரை ‘மக்சிக்’ என்றும், சீனப் பெரியவரை ‘அங்கிள்’ என்றும் அழைத்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு நல்லிணக்கம் என்பது பாடநூலில் மட்டும் படித்த சொல் அன்று. அது அவன் நாவில் தங்கிய சுவை.

இனிமையைச் சொன்னபின் கசப்பையும் சொல்ல வேண்டும். நூறு குடும்பங்கள் ஒரே சுவரைப் பகிர்ந்தால் பூசல் வராமல் இருக்குமா?

பிப்ரவரியில் பூசலுக்குக் காரணங்களும் கூடும். பண்டிகைக்குள் வீட்டைப் புதுப்பித்து முடிக்க விரும்புவோர் சுவரை உடைப்பார்கள். அதனால்தான் பேரொலி எழுப்பும் வேலைகளை வார நாட்களில் பகலில் மட்டுமே செய்யலாம், சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் கூடாது என்று கழகம் வரையறுத்திருக்கிறது. நள்ளிரவு வரை மாஜோங் காய்கள் உருளும். மேல்வீட்டு மூங்கில் கழியில் உலரும் துணியிலிருந்து கீழ்வீட்டுத் துணியில் தண்ணீர் சொட்டும். சன்னல் வழியாகச் சிகரெட் புகை வரும். ஒவ்வொன்றும் சின்னது; ஆனால் தினமும் நடந்தால் மனிதரின் உறக்கத்தைக் கெடுக்கும், மனத்தையும் கெடுக்கும்.

இங்கே புகழ்பெற்ற ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இந்தியக் குடும்பம் ஒன்று கறி சமைக்கும் மணத்தைத் தாங்க முடியவில்லை என்று, சீனாவிலிருந்து குடிவந்த அண்டைவீட்டார் முறையிட்டனர். சமரசப் பேச்சில், அந்த அண்டைவீட்டார் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பது என்று இந்தியக் குடும்பம் ஒப்புக்கொண்டது. அண்டைவீட்டாரும் கறியைச் சுவைத்துப் பார்க்க ஒப்புக்கொண்டனர். 2011 ஆகஸ்ட் மாதத்தில் இந்தச் செய்தி வெளிவந்தபோது நாடே பேசியது. ஆகஸ்ட் 21 அன்று வீட்டுக்கு வீடு கறி சமைப்போம் என்று சமூக ஊடகத்தில் அழைப்பு எழுந்தது. பல்லாயிரம் பேர் கைகோத்தனர். அவர்களில் சீனரும் உண்டு, மலாய்க்காரரும் உண்டு.

அந்த நிகழ்ச்சி கற்பிப்பது என்ன? கறி மணம் சிங்கப்பூரின் பொதுச்சொத்து என்று மக்கள் அறிவித்தார்கள், அது பெருமைக்குரியது. ஆனால் அந்த ஒப்பந்தத்தின் மறுபாதி பெரிதாகப் பேசப்படவில்லை. கறியைச் சுவைத்துப் பார்க்கிறோம் என்று சொன்னார்களே, அதுதான் அண்டைவீட்டு உறவின் தொடக்கம். பழகாத மணம் இடையூறு. பழகிய வீட்டின் மணம் அழைப்பு.

பூசலைத் தீர்க்க அரசு படிப்படியாக வழிகள் அமைத்திருக்கிறது. 1978இல் வசிப்போர் குழுக்கள் தொடங்கின. 1998இல் சமூக மத்தியஸ்த நிலையம் வந்தது. அங்கே பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள் இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைக்கிறார்கள். 2015இல் அண்டைவீட்டார் பூசல்களை விசாரிக்கத் தனி நடுவர் மன்றம் அமைந்தது. 2025இல், முற்றிய ஒலித் தொல்லைகளைக் கையாளத் தனிப் பிரிவு ஒன்று தெம்பனிசில் சோதனை முறையில் செயல்படத் தொடங்கியது.

இவையெல்லாம் தேவையானவை. ஆயினும், நடுவர் மன்றத் தீர்ப்பால் சத்தம் நிற்கலாம், சிரிப்பு வருமா? தீர்ப்புப் பெற்ற பின்னும் இருவரும் அதே மின்தூக்கியில் ஏறத்தானே வேண்டும்? மன்றத்துக்குப் போகும் முன் கதவைத் தட்டிப் பேசுவதே முதல் வழி. முன்பே ஆரஞ்சு கொடுத்துப் பழகிய கதவைத் தட்டுவது எளிது. முதன்முதலில் தட்டுவதே குறை சொல்லத்தான் என்றால், திறப்பவர் முகம் எப்படி மலரும்?

அடுத்து, யார் யாருக்கு அண்டைவீட்டார் என்ற கேள்வி. இதை மக்களின் விருப்பத்துக்கே விட்டுவிடலாமா? 1964இல் இனக்கலவரங்களைக் கண்ட நாடு சிங்கப்பூர். 1980களில் மறுவிற்பனைச் சந்தையில் மக்கள் தம் இனத்தார் மிகுந்த பேட்டைகளைத் தேடிச் சென்றனர். பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர்களும், ஹவ்காங் பக்கம் சீனர்களும், ஈசூன் பக்கம் இந்தியர்களும் சேரத் தொடங்கினர். இப்படியே போனால் இனத்துக்கொரு பேட்டை உருவாகும் என்ற கவலை எழுந்தது. அன்றைய தேசிய வளர்ச்சி அமைச்சர் தமிழரான எஸ். தனபாலன். அவர் பொறுப்பில் இருந்தபோது இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு புளோக்கிலும், ஒவ்வொரு வட்டாரத்திலும் ஓர் இனத்தார் இவ்வளவு விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று அது எல்லை வகுத்தது.

அதன் பலன் கண்ணுக்குத் தெரிகிறது: எந்தப் பேட்டைக்குப் போனாலும் ஒரே தாழ்வாரத்தில் மூன்று நான்கு மொழிகள் கேட்கின்றன. அதன் சுமையும் உண்மையானது. எல்லை நிரம்பிய புளோக்கில் வீட்டை விற்க விரும்பும் சிறுபான்மைக் குடும்பத்துக்கு வாங்குவோர் குறைவு, விலையும் குறையும். அதை உணர்ந்து, விற்க முடியாமல் தவிப்போரின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை 2022இல் அரசு அறிவித்தது. கலந்து வாழ்வதன் பயன் எல்லோருக்கும் உரியது என்றால், அதன் செலவையும் எல்லோரும் பகிர்வதுதானே நியாயம்?

இனி, பிப்ரவரி 15.

1942ஆம் ஆண்டு அந்த நாள் சீனப் புத்தாண்டின் முதல் நாள். விருந்தும் வாழ்த்தும் நிறைய வேண்டிய நாளில் புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் சரணடைந்தார். மூன்றரை ஆண்டு இருள் தொடங்கியது. 1984இல் ‘முழுமைத் தற்காப்பு’ என்ற கோட்பாடு அறிமுகமானது. பிப்ரவரி 15 முழுமைத் தற்காப்பு தினமானது. ராணுவம், குடிமை, பொருளியல், சமூகம், மனவுறுதி என்று ஐந்து தூண்கள். 2019இல் மின்னிலக்கம் ஆறாவதாகச் சேர்ந்தது.

இந்த நாளுக்கும் அடுக்குமாடிக்கும் என்ன தொடர்பு? சரணடைந்த நேரத்தை நினைவூட்டி மாலை 6.20க்குப் புளோக்குகளின் மேலிருந்து அபாயச் சங்கு ஒலிக்கிறது. 1990களின் பிற்பகுதி முதல் கட்டப்பட்ட வீடுகளில் தடித்த சுவரும் எஃகுக் கதவும் கொண்ட பாதுகாப்பறை இருக்கிறது. அமைதிக் காலத்தில் அது அரிசி மூட்டையும் பழைய பெட்டியும் வைக்கும் அறை. 2024 முதல், மின்தடை, இணையத் தாக்குதல் போன்றவற்றை எதிர்கொள்ளும் நாடளாவிய பயிற்சியும் பிப்ரவரியில் நடக்கிறது. ஆனால் ஆறு தூண்களில் வீட்டு வாசலுக்கு மிக அருகில் நிற்பது சமூகத் தற்காப்பே. மின்சாரம் நின்ற இரவில், மூச்சுக்கருவியோடு வாழும் நோயாளி எந்த வீட்டில் இருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? ராணுவத்துக்குத் தெரியாது. எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியும்.

அது வெறும் வாதமல்ல என்பதை 2020 பிப்ரவரி காட்டியது. ஜனவரி 23 அன்று நாட்டில் முதல் கொவிட்-19 நோயாளி உறுதி செய்யப்பட்டார். பிப்ரவரி 1 முதல், வீட்டுக்கு நான்கு முகக்கவசம் வீதம் 13 லட்சம் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டது. அவற்றை மக்கள் பெற்றுக்கொண்ட இடம் எது? சமூக மன்றமும், புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள வசிப்போர் குழு நிலையமும்தான். நடக்க முடியாதவர்களின் பங்கை அண்டைவீட்டார் வாங்கிக் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 7 அன்று நோய்ப்பரவல் எச்சரிக்கை ஆரஞ்சு நிலைக்கு உயர்ந்தது. அன்று மாலையே பேரங்காடிகளில் அரிசி, நூடல்ஸ், கழிப்பறைத் தாள் அடுக்குகள் காலியாயின. அச்சம் அண்டைவீட்டாரைப் போட்டியாளராக்கிய மாலை அது. மறுநாள் தைப்பூசம். முன்னெச்சரிக்கைகளோடு பக்தர்கள் நேர்த்திக்கடனைச் செலுத்தினார்கள். அதே நாட்களில் மின்தூக்கிகளுக்குள் யாரோ கைத்தூய்மி புட்டிகளைக் கட்டி வைத்தார்கள். எல்லோரும் பயன்படுத்துங்கள் என்று துண்டுச்சீட்டும் ஒட்டினார்கள். ஒரே வாரத்தில் ஒரே நகரம் இரண்டு முகத்தையும் காட்டியது. அச்சம் தனக்கென்று வாரிக்கொண்டது; பழக்கம் அடுத்தவருக்கென்று எடுத்து வைத்தது. எது நிலைத்தது? காலியான அடுக்குகள் சில நாளில் நிரம்பின. ஏப்ரலில் எல்லோரும் வீட்டுக்குள் முடங்கியபோது, தனித்திருந்த முதியவர்களின் கதவில் உணவுப் பொட்டலம் தொங்கவிட்ட கைகள் நிலைத்தன.

அந்த முதியவர்களைப் பற்றியதே இந்தச் சொற்பொழிவின் இறுதிப் பகுதி. சிங்கப்பூர் வேகமாக மூப்படைகிறது. தனியே வாழும் முதியவர்களும் பெருகுகிறார்கள். ஒரே கட்டடத் தொகுதியில் முதியோர் வீடுகள், மருத்துவ நிலையம், உணவங்காடி, பிள்ளைகள் காப்பகம் எல்லாவற்றையும் சேர்த்து உட்லண்ட்ஸில் எழுந்த கம்போங் அட்மிரல்டி, இந்தத் தேவைக்கான ஒரு முயற்சி. புளோக்குகளின் கீழ்த்தளங்களில் மூத்தோர் நிலையங்கள் இயங்குகின்றன; தொண்டூழியர்கள் வீடு தேடி வருகிறார்கள். ஆயினும் தொண்டூழியர் வாரத்துக்கு ஒருமுறை வருவார். வாசலில் செய்தித்தாள் இரண்டு நாளாக எடுக்கப்படாமல் கிடப்பதை முதலில் காண்பவர் பக்கத்து வீட்டார். அவர் நின்று கதவைத் தட்டினால் ஓர் உயிர் பிழைக்கலாம்.

அவையோரே! சிங்கப்பூர் கண்ட வழியைத் தொகுத்துச் சொன்னால் இது: வீட்டைச் சொந்தமாக்கியது, சந்திக்க இடம் விட்டது, கலந்து வாழ எல்லை வகுத்தது, பூசல் தீர்க்க மேசை போட்டது. அரசு செய்யக்கூடியவை இவை. சென்னையிலும் கோவையிலும் இன்று எழும் அடுக்குமாடிகளுக்கும் இந்த நான்கும் பொருந்தும். தூண்களுக்கிடையே வாகனம் மட்டும் நிற்கும் தளத்தில் சில பலகை இருக்கைகளுக்கு இடம் ஒதுக்குவது எந்தச் சங்கத்துக்கும் கடினமல்ல.

ஐந்தாவது ஒன்று உண்டு. அது ஒவ்வொரு வீட்டாரும் செய்ய வேண்டியது. புதிதாகக் குடிவந்தவரிடம் முதல் வாரத்திலேயே பெயர் கேட்பது. பண்டிகைக்கு ஒரு தட்டு அனுப்புவது. சுவரை உடைக்கும் முன் மேலும் கீழும் சொல்லிவிடுவது. குறை இருந்தால் நேரில், மென்மையாக, முதலில் பேசுவது. தனியே இருக்கும் முதியவரின் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்திருப்பது. இவற்றுக்குப் பணம் வேண்டாம், சட்டம் வேண்டாம், பிப்ரவரி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இவை நடக்கும் புளோக்கில் பண்டிகையும் நெருக்கடியும் எல்லோருக்கும் பொதுவாகும். இவை நடக்காத புளோக்கில் எத்தனை மாடி எழுந்தாலும் அவை தனித்தனி அறைகளே. அடுக்குமாடியைக் கட்டுவது பொறியாளர் வேலை. அதை ஊராக்குவது குடியிருப்பவர் கடமை.